நோட்டரி இருந்த இடம்

செத்துப்போன ஆளுக்குக் கம்ப்யூட்டரில் முத்திரை போட்டுவிட்டார்களாம். பக்கத்து ஊர் நோட்டரி ஒருவர் செய்த காரியமாம். வீடியோவில் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம், தலை ஆடியதாம், கேட்ட கேள்விக்கெல்லாம் 'ம்' என்று பதிலும் வந்ததாம். உயிர் மட்டும் முந்தின நாளே போயிருந்ததாம். இதைத் தட்டச்சுக்காரியிடம் சொன்னவர் கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரர். அவருக்குச் சொன்னவர் அவருடைய மச்சான். மச்சானுக்கு யார் சொன்னது என்று கேட்டால் 'எல்லாரும் சொல்றாங்க' என்பதோடு விசாரணை முடிந்துவிடும்.

"தலையை யாரு ஆட்டினாங்களாம்?" என்று கேட்டாள் நோட்டரி அம்மா, கையில் இருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பின்னாடி நின்னு மருமகன் ஆட்டினானாம்க்கா."

"'ம்'னு சொன்னது?"

"அதுவும் மருமகன்தான்."

"நல்ல மருமகன். இந்தக் காலத்துல மாமனாருக்கு யாரு இவ்வளவு செய்றாங்க?"

தட்டச்சுக்காரிக்குச் சிரிப்பு வந்தாலும் செய்தியின் கனம் குறைந்துபோன வருத்தமும் இருந்தது. ஒரே அறையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து இருவரும் பதினோரு வருடமாக இருக்கிறார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் மனு அடிக்கும் சத்தம். இந்தப் பக்கம் மனுவைப் படித்து 'இதுல தேதி தப்பு' என்று சொல்லும் சத்தம். மாடிப்படி ஏறும்போதே இரண்டும் கேட்கும்.

புகை எங்கிருந்து கிளம்பியதோ, பதிவாளர் அலுவலகம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுவாரமே ஒரு சுற்றறிக்கை வந்தது. மின் ஆவணங்களுக்குச் சான்று தரும் எல்லா நோட்டரிகளிடமிருந்தும் ஆளுக்குப் பத்து வீடியோ பதிவுகளை வாங்கிப் பார்க்கப் போகிறார்கள். எந்தப் பத்து என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். மாவட்டத்தில் அப்படிப்பட்ட நோட்டரிகள் ஆறு பேர். நான்கு பேர் அன்றே தங்கள் பழைய பதிவுகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். நோட்டரி அம்மா சுற்றறிக்கையை இரண்டாக மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள். மடியில் கனம் இருக்கிறவனுக்கல்லவா வழியில் பயம்.

அவளுக்கு நீதிமன்ற வட்டாரத்தில் இன்னொரு பெயர் உண்டு: 'திருப்பிக்காட்டு'. அடையாள அட்டையின் முன்பக்கத்தைக் கேமராவில் காட்டிவிட்டு யாராவது கீழே வைத்தால், "திருப்பிக் காட்டுங்க" என்பாள். திருப்பிக் காட்டினால், "கொஞ்சம் சாய்ச்சுக் காட்டுங்க" என்பாள். சாய்த்தால்தான் அட்டையில் உள்ள பளபளப்புப் படம் நிறம் மாறுவது தெரியும். ஒருமுறை ஒரு பெரிய கம்பெனி முதலாளி, "அட்டையைத் திருப்பினேன், சாய்ச்சேன், இனிமே என்னையும் திருப்பிக் காட்டணுமா?" என்று எரிந்து விழுந்தார். "வேணாங்க. உங்க எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னு மட்டும் கேமராவைச் சுத்திக் காட்டுங்க" என்றாள். அவர் எதிரில் அவருடைய வக்கீல் நின்று பதில்களை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கணினிச் சான்று வந்தபோது மற்ற நோட்டரிகள், 'எதிர்ல ஆள் இல்லாம என்ன சான்று' என்று ஒதுங்கினார்கள். இவள் மூன்று நாள் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, முதல் ஆளாக அனுமதி வாங்கினாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. காகிதத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் பிறகு எஞ்சுவது ஒரு கிறுக்கல்தான். அன்று அவர் முகம் எப்படி இருந்தது, குரல் நடுங்கியதா என்பதற்கு நோட்டரியின் ஞாபகம் ஒன்றே சாட்சி. இங்கே முகமும் குரலும் பத்து வருடத்துக்கு அப்படியே பத்திரமாக இருக்கும். 'பொய் சொல்றவனுக்குத்தான் கஷ்டம்' என்பாள்.

விதிகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கையெழுத்துப் போடுகிறவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, ஆனால் நேரலையில் முகம் தெரிய வேண்டும், பேச்சு கேட்க வேண்டும். அட்டையின் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அவருக்கு மட்டுமே தெரிந்த ஐந்து கேள்விகளைக் கணினி கேட்கும். நான்குக்காவது சரியாகப் பதில் சொல்ல வேண்டும். யாருடைய கட்டாயமும் இல்லை என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்ததும் நோட்டரி தன் மின்முத்திரையைப் பதிக்க வேண்டும். அதன் பிறகு அந்த ஃபைலில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை உடைந்துவிட்டதாகக் காட்டிக்கொடுக்கும்.

அந்த முத்திரை இருப்பது பென்டிரைவ் மாதிரியான ஒரு சின்னச் சாவியில். சாவி எப்போதும் நோட்டரியின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும், வேறு யார் கையிலும் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது என்பது விதி. மற்றவர்கள் அதை அலுவலக மேசையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். இவள் பூட்டை நம்புகிறவள் அல்ல. சாவியும் லேப்டாப்பும் கைப்பையில் அவளோடு காய்கறிக் கடைக்குப் போயின, பல் டாக்டரிடம் போயின, கல்யாண வீடுகளுக்கும் போயின. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் அவள் வீட்டுக்காரர், "முப்பது வருஷத்துல ஒரு நாளாவது என்னை இவ்வளவு பத்திரமா பாத்துக்கிட்டிருப்பியா?" என்று கேட்பார். "உங்களை யாரு திருடிட்டுப் போகப் போறாங்க?" என்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கணினியே மின்பதிவேடு எழுதிக்கொள்கிறது. ஆனாலும் முந்தின நாள் செய்த ஒவ்வொரு சான்றையும் மறுநாள் காலையில் ஒரு தடித்த நோட்டில் கையால் எழுதுவாள். நாள், நேரம், ஆள், அட்டை எண், ஆவணம், நோட்டரி இருந்த இடம் என்று ஸ்கேலால் கோடு போட்ட கட்டங்கள். அப்படி எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"கம்ப்யூட்டர்ல இருக்கிறதை எதுக்குக்கா நோட்டுல எழுதறீங்க? டிவியில மழை பெய்யுதுன்னு வீட்டுக்குள்ள குடை பிடிக்கிற மாதிரி இருக்கு" என்பாள் தட்டச்சுக்காரி.

"எழுதினாத்தான் நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியுது."

வியாழக்கிழமை மதியம் அவள் தங்கை வீட்டில் இருந்தாள். தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தாள். தங்கை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலம் ஏறி இறங்கினால் பத்து நிமிடம். அக்கா தங்கைக்குத் தலைவாரி விட்டு, துணிகளை மெஷினில் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது கணக்கு டீச்சரிடமிருந்து போன் வந்தது.

கணக்கு டீச்சரின் மகளுக்கு ஏழு வயது. இரண்டு வருடமாகக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. இடது காது அநேகமாகப் போய்விட்டது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்த நாள் ஐந்து மாதம் கழித்து. சனிக்கிழமை மாலை விமானம். குழந்தையின் அப்பா சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்கிறார். அப்பா கூட வராமல் குழந்தை எல்லை தாண்ட வேண்டுமானால் அப்பாவின் சம்மதம் நோட்டரி சான்றோடு வேண்டும். ஆபரேஷனுக்கான சம்மதமும் அதே ஆவணத்தில்தான் இருந்தது. கப்பல் கரைக்கு வந்து, அவர் ஒரு நல்ல இணைப்பில் உட்காரும் நேரத்துக்காக மூன்று வாரமாகக் காத்திருந்தார்கள்.

"மேடம், அவர் கரையில இறங்கிட்டாராம். மாலுமிகள் மன்றத்துல உக்காந்திருக்காராம். நாப்பது நிமிஷம்தான் இருக்கும்னு சொல்றாரு. இப்பவே முடியுமா?"

நாற்பது நிமிடத்தில் பாலத்தைத் தாண்டி, மாடியேறி, லேப்டாப்பைத் திறப்பதற்குள் பாதி போய்விடும். லேப்டாப் கைப்பையில் இருக்கிறது. சாவியும் இருக்கிறது. தங்கையின் சாப்பாட்டு மேசை காலியாக இருக்கிறது.

"வரச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

கையெழுத்துப் போடும் நேரத்தில் நோட்டரியின் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது அவளாக வைத்துக்கொண்ட விதி. "எழுந்து உள்ள போடி" என்றாள் தங்கையிடம்.

"என் வீட்டுல இருந்து என்னையே விரட்டுறியா? ஒடைஞ்ச காலோட?"

"படுக்கை அறைக்குத்தானே போகச் சொன்னேன். ஊரை விட்டா போகச் சொன்னேன்?"

தங்கை ஊன்றுகோலோடு தத்தித் தத்திப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரையில் கப்பல்காரர் வந்தார். எண்ணெய்க் கறை போகாத விரல்கள், புதிதாக மழித்த முகம். பின்னால் யாரோ பந்து விளையாடும் சத்தம். அட்டையைக் காட்டினார், சொல்லாமலே திருப்பியும் காட்டினார். மனைவி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஐந்து கேள்விக்கும் சரியான பதில்.

"இந்தச் சம்மதத்தை யாராவது கட்டாயப்படுத்தி வாங்கறாங்களா?"

"கட்டாயம்னா? என் சம்சாரம் ரெண்டு வருஷமா என்னைப் படுத்தி எடுக்கறா. அது இதுல சேருமா மேடம்?"

"அது சேராதுங்க."

"அப்ப யாரும் கட்டாயப்படுத்தலை." அவர் சிரித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார். "பாப்பாவுக்கு நான் பேசறது இப்ப போன்ல கேக்கறதில்லை. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கறா. இது நல்லபடியா முடிஞ்சா போதும். எங்க கையெழுத்துப் போடணும்?"

போட்டார். அவள் சாவியைச் செருகி முத்திரையைப் பதித்தாள். முப்பத்திரண்டு நிமிடம். நம் ஊர் நேரப்படி நாளை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் கிளம்புகிறது, அதன் பிறகு ஒன்பது நாள் தண்ணீரைத் தவிர ஒன்றும் கிடையாது, போனும் எடுக்காது என்று சொல்லிவிட்டு அவர் விடைபெற்றார். படுக்கை அறையிலிருந்து தங்கை, "முடிஞ்சுதா? நான் என் வீட்டுக்கு வரலாமா?" என்று கத்தினாள். டீச்சருக்கு ஃபைல் போனது. அவளிடமிருந்து ஒரே வரி திரும்பி வந்தது: 'இன்னைக்குத்தான் தூங்கப் போறேன் மேடம்.'

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே கால். வழக்கம் போல நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். நாள் எழுதினாள். நேரம் எழுதினாள். கப்பல்காரர் பெயர், அட்டை எண், ஆவணம். கடைசிக் கட்டம், நோட்டரி இருந்த இடம். பதினோரு வருடமாக அந்தக் கட்டத்தில் அவள் எழுதியது 'அலுவலகம், முதல் மாடி' என்ற ஒன்றைத்தான். கை பழக்கத்தில் 'அலு' என்று எழுதிவிட்டு நின்றது.

கையெழுத்துப் போடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நோட்டரி மட்டும் தனக்கு அனுமதி கொடுத்த மாவட்டத்துக்குள் இருந்தாக வேண்டும். எல்லை எது? ஆறு. பாலத்தின் நடுவில் அதற்கு ஒரு பலகையே இருக்கிறது. வாரம் தவறாமல் அதைத் தாண்டிப் போகிறாள். துருப்பிடித்த அந்தப் பலகையை அவள் கண் பார்க்கும், மனசு பார்த்ததில்லை. காகிதத்தில் அழுத்துகிற பழைய இரும்பு முத்திரையாக இருந்தால் இந்தப் பிழைக்கே இடம் இல்லை. நாலு கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு யார் தங்கை வீட்டுக்குப் போவார்கள்? ஒரு விதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்ததில் இன்னொரு விதி காலடியில் கிடந்தது தெரியாமல் போய்விட்டது.

மின்பதிவேட்டைத் திறந்தாள். அங்கே 'இடம்' என்ற கட்டத்தைக் கணினியே நிரப்பியிருந்தது, அனுமதி வாங்கிய நாளில் கொடுத்த அலுவலக முகவரியை வைத்து. சான்றிதழிலும் அதே வரி. அதன் கீழே அவள் முத்திரை.

"ஏம்மா, கொஞ்சம் இங்க வா" என்று கூப்பிட்டாள்.

தட்டச்சுக்காரி வந்து, கேட்டு, முதலில் சிரித்தாள். "இவ்வளவுதானா? நான் பயந்தே போயிட்டேன். முகத்தைப் பாத்தா யாரோ போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

"நான் அந்தப் பக்கம் இருந்தேன். இந்தப் பக்கம் இருந்தேன்னு முத்திரை போட்டிருக்கேன்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தா என்ன, இந்தப் பக்கம் இருந்தா என்ன? ஆள் உண்மை. அட்டை உண்மை. சம்மதம் உண்மை. குழந்தை காது உண்மை. நீங்க உக்காந்த நாற்காலி மட்டும்தான் வேற. நாற்காலிக்கு யாருக்கா கோர்ட்டுல வாய்தா கேக்கப் போறாங்க?"

நோட்டரி அம்மா வீடியோ பதிவை ஓட்டினாள். ஒரு மூலையில் அவள் முகம். அவள் தலைக்குப் பின்னால் தங்கை வீட்டுத் திரைச்சீலை, நீல நிறத்தில், முழுக்க மீன் படம்.

"நம்ம ஆபீஸ்ல திரைச்சீலையே கிடையாது" என்றாள் நோட்டரி அம்மா.

"மத்தியானமே அதே மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்."

"கடைசியில கேளு." படுக்கை அறையிலிருந்து தங்கையின் குரல் தெளிவாக வந்தது: நான் என் வீட்டுக்கு வரலாமா?

தட்டச்சுக்காரி இப்போது சிரிக்கவில்லை. பலகையைத் தாண்டிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே சொன்னாள்: "ஆயிரம் பதிவுல பத்துதான் எடுக்கப் போறாங்க. இதையா எடுப்பாங்க?"

நோட்டரி அம்மா விதிப்புத்தகத்தை எடுத்தாள். ஏதாவது ஒரு சந்து கிடைக்காதா என்று தேடினாள். அவசர மருத்துவ நிலை என்ற தலைப்பில் ஒரு பத்தி இருந்தது. அது காலக்கெடுவைப் பற்றியது, இடத்தைப் பற்றியது அல்ல. பிழைதிருத்தம் என்று ஒரு பத்தி. முத்திரையிட்ட ஃபைலைத் திருத்த முடியாது, ரத்து செய்து புதிதாகச் செய்ய வேண்டும், பிழை தெரிந்த அன்றே அலுவலக நேரத்துக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. எல்லையைத் தாண்டிச் செய்த சான்று செல்லாது; செய்தவரின் அனுமதி விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்படும். தெரிந்தும் மறைத்தால் அனுமதியே போகும். இந்தப் பத்திகளை வகுப்பில் மற்றவர்களுக்கு அவளே விளக்கிச் சொல்லியிருக்கிறாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், மறைக்கிற ஆள் அதற்குப் பழகினவனாக இருந்தால். இவளுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் யோசிக்காமலும் இல்லை. திங்கட்கிழமை குழந்தை ஆபரேஷன் மேசையில் இருக்கும்போது பதிவாளர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் இந்த வீடியோவைத் திறந்து மீனைப் பார்த்தால்? சம்மதம் செல்லாது என்று அந்த ஆஸ்பத்திரிக்கு மெயில் போனால்? பார்க்காமலே போனால்? அனுமதி நிறுத்தப்பட்டால் அவளை 'திருப்பிக்காட்டு' என்று கூப்பிடுகிறவர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்பதையும் யோசித்தாள். இந்த யோசனையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. யாருக்கும் போன் செய்யவில்லை.

பத்தே முக்காலுக்கு மாடிப்படியில் வேகமான செருப்புச் சத்தம். கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டு ஓடி வந்திருந்தாள். கையில் ஒரு கவர்.

"மேடம், நல்லா இருக்கான்னு பாருங்க. ஜெராக்ஸ் கடையில சொல்லிக் கலர் பிரிண்ட் எடுத்தேன். கசங்கிடக் கூடாதுன்னு லேமினேஷனும் போட்டுட்டேன்."

கண்ணாடி மாதிரி பளபளத்தது சம்மதக் கடிதம். கீழே நோட்டரி அம்மாவின் மின்முத்திரையின் படம்.

"டீச்சர், இது வெறும் படம்தான். முத்திரை ஃபைலுக்குள்ளதான் இருக்கு. விமான நிலையத்துல அதைத்தான் திறந்து பாப்பாங்க."

"அதுவும் போன்ல இருக்கு. ரெண்டு பென்டிரைவ்ல இருக்கு. மாமியார் போனுக்கும் அனுப்பி வெச்சிருக்கேன். அவங்க அதை அவங்க தங்கச்சிங்களுக்கெல்லாம் அனுப்பிட்டாங்க." டீச்சர் சிரித்தாள். இந்த மூன்று வாரத்தில் இந்த அறையில் அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை. "பாப்பா பெட்டியை அவளே அடுக்கிட்டா. பொம்மைக்கும் ஒரு பாஸ்போர்ட் வேணுமாம்."

பலகைக்கு அந்தப் பக்கம் தட்டச்சு நின்றது.

"உக்காருங்க டீச்சர்" என்றாள் நோட்டரி அம்மா. "நேத்து நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சொன்னாள். சுற்றி வளைக்காமல், மனுவில் எழுதுகிற மாதிரி வரிசையாக. தங்கை வீடு, ஆறு, எல்லை, விதி. இந்தச் சான்று செல்லாது என்பதையும், இன்று ஐந்து மணிக்குள் அதைப் பதிவாளருக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பதையும்.

டீச்சர் முதலில் கேட்டது கணக்கு வாத்தியார் கேட்கிற கேள்வி. "ஃபைல்ல ஏதாவது தப்பாக் காட்டுமா? விமான நிலையத்துல திறந்தா?"

"காட்டாது."

"அவங்களுக்குத் தெரிய வாய்ப்பு இருக்கா?"

"அங்க இல்லை."

"அப்ப எதுக்கு மேடம் என்கிட்ட சொன்னீங்க?" குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் நாளைக்கு என் பொண்ணைக் கூட்டிட்டு நிம்மதியாப் போயிருப்பேன். இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. நானும் இப்ப பொய் சொல்லிட்டுத்தான் போகணும்."

"போக வேணாம். அவரை மறுபடியும் கூப்பிடுவோம். புதுசா ஒண்ணு பண்ணிடுவோம். இங்கயிருந்து. அரை மணி நேரம்தான்."

"உங்க அனுமதியை நிறுத்திடுவாங்கன்னு சொன்னீங்களே?"

"நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் நிறுத்துவாங்க. அதுவரைக்கும் என் முத்திரை செல்லும். முதல்ல இவர் கையெழுத்து. அப்புறம் என் கடிதம்."

"கப்பல் பன்னெண்டு மணிக்குக் கிளம்புது. இப்ப மணி என்ன?" டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஆக ஐந்து நிமிடம். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

நோட்டரி அம்மா இதற்கு வேறு ஒரு பதிலும் சொல்லியிருக்கலாம். "ஒன்பதே காலுக்கு" என்றாள்.

"ஒரு மணி நாப்பது நிமிஷம்" என்றாள் டீச்சர், ஒரு விடையைச் சொல்வது போல. "அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சந்து தேடிட்டிருந்தேன்."

தட்டச்சுக்காரி எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரை டீச்சர் முன்னால் வைத்தாள். டீச்சர் அதைத் தொடவில்லை. லேமினேஷன் போட்ட கடிதத்தைக் கவருக்குள் போட்டாள், மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள்.

"கூப்பிடுங்க டீச்சர்" என்றாள் தட்டச்சுக்காரி. "திட்டுறதை அப்புறம் திட்டலாம். அக்கா எங்கயும் போயிட மாட்டாங்க. நேத்து ஒரு நாள்தான் போனாங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் டீச்சர் போனை எடுத்தாள். வேலை நேரத்தில் அவர் போனைத் தன் சட்டைப் பையில் வைத்திருப்பதில்லை, இயந்திர அறைக்கு மேலே ஒரு பெட்டியில் வைத்துவிட்டுத்தான் இறங்குவார், கப்பல் கிளம்பும் நாளில் காலையிலிருந்தே கீழேதான் இருப்பார் என்றாள். "ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை காத்து வாங்க மேல வருவாரு. அங்க தாங்க முடியாத சூடு."

நோட்டரி அம்மா லேப்டாப்பைத் திறந்து சாவியைச் செருகினாள். புதிய சம்மதக் கடிதத்தைத் தட்டச்சுக்காரி நான்கு நிமிடத்தில் அடித்துக் கொடுத்தாள். நான்கு நிமிடத்தில் அவள் இதுவரை எதையும் பிழையில்லாமல் அடித்ததில்லை, இதில் ஒரு பிழையும் இல்லை. பதிவாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தை நோட்டரி அம்மா தானே எழுதினாள். நோட்டில் 'அலு' என்றிருந்ததை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: தங்கை வீடு, ஆற்றுக்கு அக்கரை.

முதல் அழைப்பு முழுதாக அடித்துத் தானாகவே நின்றது. இரண்டாவதும் அப்படியே. கப்பல் கம்பெனியின் அலுவலகத்துக்குத் தட்டச்சுக்காரி கூப்பிட்டாள். அங்கே ஒரு பெண், கப்பல் இன்னும் கரையில்தான் இருக்கிறது, தகவல் சொல்ல முயற்சி செய்கிறேன், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றாள். ஒரு செய்தியும் அனுப்பினார்கள். 'உடனே கூப்பிடுங்க. பாப்பா நல்லா இருக்கா. கையெழுத்து மறுபடி வேணும்.' நடுவில் இருந்த வரியைச் சேர்க்கச் சொன்னது டீச்சர். இல்லாவிட்டால் அவர் பயந்துவிடுவாராம்.

பதினொன்று இருபத்தைந்து.

"மணி அடிக்குதுன்னா போன் எடுக்கிற தூரத்துலதான் இருக்குன்னு அர்த்தம்" என்றாள் தட்டச்சுக்காரி.

"போன் இருக்கு" என்றாள் டீச்சர். "அவர் இருக்கணுமே."

ஐந்து மணிக்குள் கடிதம் போய்விடும் என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும். அதை நோட்டரி அம்மா திரும்பச் சொல்லவில்லை, டீச்சரும் திரும்பக் கேட்கவில்லை.

டீச்சர் போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டு மறுபடி அழைத்தாள். மணி அடிக்க ஆரம்பித்தது. வகுப்பில் பிள்ளைகள் சொல்வதைச் சரிபார்க்கிறவள் போல, ஒவ்வொரு மணிக்கும் டீச்சரின் உதடுகள் அசைந்தன. நான்கு. ஐந்து. நோட்டரி அம்மா கேமராவைச் சரிசெய்துவிட்டு, எதிர்த் திரையில் இன்னும் காலியாக இருந்த கறுப்புக் கட்டத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆறு. ஏழு. எட்டு.